கேஸ்கட் மாமா இன்டர்நெட்டில் சொன்ன உண்மைகள்

இன்டர்நெட் முழுவதிலும் உண்மையை மட்டுமே எழுதிய ஒரே மனிதர் எங்கள் கடலூர் முதுநகர்க்காரர். இதை எந்த சபையில் வேண்டுமானாலும் மைக் பிடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த உண்மைகளையெல்லாம் டைப் அடித்தவன் நான். அடிக்கவிடாமல் தடுக்கப் பார்த்தவனும் நான்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. தொழிற்சாலையில் குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க நடுவில் ஒரு வளையம் வைப்பார்கள். அதுதான் கேஸ்கட். அதை வெட்டித் தருவது தொழில் என்பதால் அவர் ஊருக்கே கேஸ்கட் மாமா. அவர் பட்டறைக்கு அடுத்த கடை என் பிரவுசிங் சென்டர். மொத்தம் நாலு கம்ப்யூட்டர். ரெண்டு ஓடும். மூன்றாவது, தலையில் ஒரு தட்டு தட்டினால் ஓடும். நாலாவது சாமி படம் சாய்த்து வைக்க.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஒரு நாள் மாமா உள்ளே வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததால் விஷயம் பெரிசு என்று புரிந்தது. சிப்காட்டில் அவரிடம் வழக்கமாக வாங்கிவந்த கம்பெனி, இனி எல்லாவற்றையும் வெளியூரில் மொத்தமாக வாங்கிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டதாம். மாமா நம்பியிருந்தது அந்த ஒரு கம்பெனியை. மாமாவை நம்பியிருந்தது மூன்று குடும்பம்.

"மாப்ள, பொங்கல் வரைக்கும் தள்ளலாம். அதுக்குள்ள புது பார்ட்டி புடிக்கலன்னா ஷட்டர இறக்கிட வேண்டியதுதான். இன்டர்நெட்ல கம்பெனிக்காரங்கல்லாம் ஒரு எடத்துல கூடுறாங்களாமே? என்னையும் அங்க கொண்டுபோய் உடு."

தொழில்காரர்கள் ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொள்ளும் அந்த வலைத்தளத்தில் அவருக்கு ஒரு கணக்கு ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் ப்ளஸ் டூவோடு நின்றுபோனது. சில இடங்களில் அதற்கும் முன்பே. இருந்தாலும் பதவி என்கிற இடத்தில் 'மேனேஜிங் டைரக்டர்' என்று கெத்தாக அடித்தேன்.

"யார்ரா அது?"

"நீங்கதான் மாமா."

"நான் யார மேனேஜ் பண்றேன்? இருக்கறது மூணு பேரு. அதுல ஒருத்தன் என் மச்சான். அவன் என்னைக்கு என் பேச்ச கேட்டிருக்கான்? கேஸ்கட் வெட்டுறவன்னு போடு."

போட்டேன். அடுத்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டது. மாமா சொன்னார்: "சொன்ன தேதிக்கு குடுப்பேன். கரண்ட் போனா ரெண்டு நாளு ஆவும். கரண்ட் தெனம் போவுது." விளம்பரம் என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இப்படி ஒரு வாசகம் வந்திருக்காது.

முதலில் சிக்கியவர் பெண்ணாடம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் பராமரிப்பு இன்ஜினியர். மாமாவின் அழைப்பை ஏற்று ஒரே ஒரு பட்டனை அமுக்கினார், பாவம். மறுநாள் காலை ஆலை வாசலில், தோளில் பண்ருட்டிப் பலாப்பழத்தோடு மாமா நிற்கிறார்.

"யார பாக்கணும்?" என்றார் வாட்ச்மேன்.

"உங்க இன்ஜினியர. நேத்துலேர்ந்து பழக்கம்."

பட்டனை அமுக்கினால் பலாப்பழம் வரும் என்று அந்த வலைத்தளத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. இன்ஜினியர் வெலவெலத்துப் போய் ஒரு சின்ன ஆர்டர் கொடுத்தார். "ஆன்லைன்ல பழகுனா ஆன்லைன்லயே விட்டுடணும் மாமா, நேர்ல போகக் கூடாது" என்று நான் வகுப்பு எடுத்தேன். "மூஞ்சிய காட்டாம பழகுறதுக்கு நான் என்ன திருடனா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பட்டனை அமுக்கியவரைப் பார்க்க நெய்வேலிக்கு பஸ் ஏறிவிட்டார்.

உண்மையான கண்டம் அதற்குப் பிறகுதான். அதே தளத்தில், தொழிற்சாலை சாமான் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பேசிக்கொள்ள ஒரு குழு இருந்தது. வடநாட்டுக் கெமிக்கல் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் ஒருவர் அதில் கேட்டிருந்தார்: பெரிய தொட்டிகளின் உட்பக்கம் ரப்பர் ஒட்டித் தர தமிழ்நாட்டில் நம்பகமான ஆள் உண்டா?

நான் துள்ளிக் குதித்தேன். மாமா அந்த வேலை செய்கிறவர் இல்லை. செய்கிறவர் ஒருவர் சிதம்பரத்தில் இருந்தார். ரப்பர்காரர் என்றே பெயர். மாமாவின் பழைய வாடிக்கைகள் சிலதைத் தட்டிக்கொண்டு போனவர்.

"ஆர்டர நாம வாங்கி அவருகிட்ட குடுத்துடலாம் மாமா. நடுவுல நிக்கலாம்."

"நடுவுல நிக்கிறதுக்குப் பேரு புரோக்கரு."

"கேஸ்கட்டும் நடுவுலதான நிக்குது?"

"அது ஒழுகாம நிக்குதுடா. நீ எழுது: சிதம்பரத்துல ஒருத்தர் இருக்காரு. வேல சுத்தம். ஆனா வியாழக்கெழம தர்றேன்னா ஞாயித்துக்கெழமதான் தருவாரு. நடுவுல போன் எடுக்க மாட்டாரு."

"மாமா, இதெல்லாமா எழுதுவாங்க?"

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்து மாப்பிள்ளையப் பத்தி விசாரிச்சா நீ என்ன சொல்லுவ? தெரிஞ்சத சொல்லணும். மறைச்சா அந்தப் பொண்ணு வாழ்க்க போச்சு. கேட்டவன் நம்மள நம்பிக் கேக்குறான்."

பட்டறைக்குப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருக்க, கைக்கு வந்ததை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போன மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ரப்பர்காரர் சிதம்பரத்திலிருந்து நேரில் வந்து இறங்கினார். கொதித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஏன்யா, நான் லேட்டு பண்ணுவேன்னு ஒலகம் பூரா தமுக்கு அடிச்சிருக்கியே, நீ மனுஷனா?"

"லேட்டு பண்றது இல்லையா நீ?"

"பண்றேன்தான். அத கூட்டத்துலயா சொல்லுவாங்க?"

"வேல சுத்தம்னும் சொல்லியிருக்கேனே, அத படிக்கலியா?"

"படிச்சேன்யா! அந்தாளும் படிச்சிட்டு ஆர்டர் குடுத்துட்டான். ஆனா சொன்ன தேதி தாண்டுனா வேணாங்குறான். ஒன்னால இந்த வயசுல நான் தேதி பாத்து வேல செய்யுற கெட்ட பழக்கத்த பழகணும்!"

மாமா அவருக்கு டீயும் ரெண்டு மசால்வடையும் சொன்னார். சண்டை வடையோடு முடிந்தது.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அதே பர்ச்சேஸ் மேனேஜர் குழுவில் இன்னொரு கேள்வி கேட்டார். கடலூரில் கேஸ்கட் வெட்டும் இந்த மனிதர் எப்படிப்பட்டவர்? எங்கள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வாங்கலாமா?

நான் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "வேற பேர்ல நானே நல்லதா நாலு வரி எழுதிடவா மாமா?"

"தொலச்சிடுவேன். தெரிஞ்சவன் எவனாச்சும் சொல்லட்டும்."

ஒருவரும் சொல்லவில்லை. பட்டறையில் மூன்று பேரும் வேலையில்லாமல், ஓட்டை போடும் உளிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள். மாமா மணிக்கொரு தரம் என் கடைக்கு வந்து, சும்மா வந்தவர் போல எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் பதில் விழுந்தது. எழுதியவர் சிதம்பரத்து ரப்பர்காரர். பழி வாங்கிவிட்டார் என்றுதான் முதல் வரியைப் படித்ததும் நினைத்தேன். தமிழில் மாற்றி மாமாவுக்கு வாசித்தேன்:

'பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பில்லில் கையெழுத்து எது, தொகை எது என்று தெரியாது. பலாப்பழத்தோடு வருவார், தடுக்க முடியாது. அவர் முடியும் என்றால் முடியும். முடியாது என்றால், யாரால் முடியும் என்றும் சொல்வார். எனக்கு உங்கள் ஆர்டர் வந்தது அப்படித்தான்.'

மாமா சாமி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, சாய்ந்திருந்த படத்தை நேராக வைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "பில்லு அவ்ளோ மோசமாவா இருக்கு?"

அந்தப் பொங்கலுக்கு ஷட்டர் இறங்கவில்லை. அடுத்த பொங்கலில் பட்டறையில் பதினோரு பேர். மச்சான்கூட மாமா பேச்சைக் கேட்க ஆரம்பித்தார். அந்தக் குழுவில் யாருக்கு எது வேண்டுமானாலும், "கடலூர் கேஸ்கட்டைக் கேளுங்கள்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. முதுநகரில் மூலைக் கடையில் இருந்துகொண்டு மாமா சொல்கிற உண்மைக்கு எந்தெந்த ஊரோ காத்திருந்தது. அந்த உண்மைக்கு எழுத்துப் பிழை சப்ளை செய்தவன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆளாளுக்கு போனிலேயே நெட் வந்ததும் என் பிரவுசிங் சென்டர் படுத்துவிட்டது. மாமா வந்து சொன்னார்: "ஒன் கட உருப்படாதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும் மாப்ள. பட்டறைல வந்து ஒக்காரு. மெயில் பாக்க ஆளு வேணும்." உட்கார்ந்தேன்.

அங்கே நான் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான், சிதம்பரத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க வந்தார். யாரிடம்? மாமாவிடம். நான் ரப்பர் ஷீட் சுருளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன்.

"கட வெச்சான், மூடிட்டான். இங்கிலீஷு சுமாருதான். காலைல எழுப்புறதுக்கு ஒரு ஆளு வேணும்..." என்று மாமா ஆரம்பித்தார். சொன்னது எதிலும் பிழை இல்லை. பேசிக்கொண்டே அவரை பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப் போய்விட்டார். என் கல்யாண ஆசையை அன்றே மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் கல்யாணம் நடந்தது, திருவந்திபுரத்தில். பந்தியில் மாமா ஒவ்வொரு இலையாகப் போய்ப் பாயசம் சுமார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் மாமனாரிடம் மெல்லக் கேட்டேன். அவ்வளவும் கேட்ட பிறகும் எப்படிப் பெண் கொடுத்தீர்கள்?

"பஸ் ஏறுறப்ப கடைசியா ஒண்ணு சொன்னாரு தம்பி," என்றார் அவர். "எனக்குப் பொறந்தது ரெண்டும் பையனாப் போச்சு சார். ஒரு பொண்ணு இருந்திருந்தா, நீங்க இவ்ளோ தூரம் வந்து விசாரிக்கிற வேலையே இருந்திருக்காதுன்னாரு."

எத்தனையோ பேரைப் பற்றி மாமா சொல்லி நான் டைப் அடித்திருக்கிறேன். இதை மட்டும் அவர் என்னிடம் சொல்லவே இல்லை.