ஏழாவது ஆள் எப்படி வந்தான்?

"ஆறு பேருதான் மண்ணுக்குள்ள மாட்டினாங்க. நான் விரல் விட்டு எண்ணினேன். இடைவேளை முடிஞ்சு பாத்தா ஏழு பேரு உக்காந்துகினு இருக்காங்க. ஏழாவது ஆளு எப்படி உள்ள வந்தான்?"

பழனிவேல் இதைக் கேட்டது 2014-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணிக்கு. கேள்வி புதிதல்ல. இருபத்தொன்பது வருடமாகக் கேட்டுவருவதுதான்.

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அமிர்தம் தலை நிமிரவில்லை.

"படத்துக்குப் பேரே 'மண்ணுக்குள் ஏழு பேர்'. ஆறு பேர வெச்சுகினு எப்படிங்க முடிப்பாங்க?"

"பேர் வெச்சுட்டா போதுமா? காரணம் வாணாமா? சரி, அந்த ஃபோர்மேன் துரைராசு. பாதிப் படம் கதாநாயகனைக் கண்டாலே பல்லைக் கடிக்கிறான். திடீர்னு தன் பங்கு தண்ணிய எடுத்து அவன் வாயில ஊத்தறான். ஏன்?"

"மனசு மாறியிருக்கும்."

"எப்ப மாறுச்சு? நான் பாத்துகினேதான இருந்தேன்."

"உங்கள வெச்சுகினுதான் மாறணுமா? உங்ககிட்ட லீவு லெட்டர் குடுத்துட்டா மாறுவான்?"

இதற்குப் பதில் உடனே வரவில்லை. பழனிவேல் வெளியே போய் ஸ்கூட்டரைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைக்கும்போது பதில் கிடைத்தது. அருமையான பதில். சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அமிர்தம் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் அவரைக்காய் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி ஜீப் வந்து சேரும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

அந்தப் பதில் என்ன என்பது பிறகு அவருக்கே மறந்துவிட்டது.

'மண்ணுக்குள் ஏழு பேர்' எண்பத்தைந்தில் டவுன்ஷிப் மன்றத்தில் போட்ட படம். அவர்கள் சேர்ந்து பார்த்த முதல் படம். சுரங்கம் சரிந்து உள்ளே சிக்கியவர்கள் உயிர் பிழைக்கிற கதை. நெய்வேலிச் சுரங்கத்தில் நின்று நிமிர்ந்தால் வானம் தெரியும். அங்கே வேலை செய்கிறவன் வெயிலில் சிக்குவானே தவிர மண்ணுக்குள் சிக்க மாட்டான். அதனாலேயோ என்னவோ, ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. மன்றத்தில் மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் இருவரும் போனார்கள். எடுத்தவர்களுக்குள் என்ன தகராறோ, டிவியில் ஒரு நாளும் வரவில்லை.

பழனிவேல் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தவர். பெல்ட் ஓடும் இடத்தில் பேச்சுக்கு வேலை கிடையாது. சாதாரணமாக அவர் பேசும் வாக்கியம் மூன்று சொல்லைத் தாண்டாது. அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாகப் பேசுவார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், ஷிப்ட் பஸ்ஸில் நெடுமாறன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரே பிரிவில் பன்னிரண்டு வருடம் கூட வேலை செய்கிறவன். எதுவும் பேசத் தெரியாமல் கையைப் பிசைந்தான். பழனிவேல்தான் தொடங்கினார்.

"ஏழாவது ஆளு எப்படி வந்திருப்பான்ற?"

இதே கேள்விக்கு, "ஐயோ ஆள விடுண்ணே, தலைய வலிக்குது" என்று பின் சீட்டுக்கு ஓடுகிறவன் நெடுமாறன். அன்று பழனிவேலின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வரவே முடியாதுண்ணே. மட்டமான படம். நீ சொல்றதுதான் கரெக்டு."

பழனிவேல் கையை உருவிக்கொண்டார். முன் சீட்டுக்காரர் திரும்பி, "சுத்தமா லாஜிக்கே இல்லீங்க" என்றார். டிரைவர்கூடக் கண்ணாடி வழியாகத் தலையாட்டினார். ஒரு பஸ் நிறைய ஆட்கள். எதிர்த்துப் பேச ஒருத்தர் இல்லை.

மறுநாள் அவர் கட்சி மாறினார். தானே படத்தின் பக்கம் நின்றால் யாராவது படத்தைத் திட்டித்தானே ஆக வேண்டும்?

"யோசிச்சுப் பாத்தா நல்ல படம்தான் நெடுமாறா. மனுசன் மனசு எப்ப வேணா மாறும்."

"ஆமாண்ணே. நல்ல படம்."

"நேத்து மட்டம்னியேடா?"

"நேத்து மட்டம்ணே. இன்னிக்கி நல்ல படம். நீ எப்படிச் சொல்றியோ அப்படியேண்ணே."

'பழனிவேல் அந்தப் படத்தை நல்ல படம் என்கிறார்' என்ற செய்தி பஸ்ஸிலிருந்து இறங்கி, அவர் வீடு போய்ச் சேரும் முன் குடியிருப்பு வட்டம் முழுக்கப் போய்விட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் விருத்தாம்பாள் ஒரு கிண்ணத்தில் ரசமும் ஒரு பொட்டலத்தில் விபூதியுமாக வந்து நின்றாள்.

"தம்பி, தூக்கம் வருதா? யாராச்சும் கூப்புடற மாதிரி காதுல கேக்குதா?"

"எனக்கு ஒன்னுமில்லக்கா. ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. நான் படத்தத் திட்டறேன். நீங்க என்னத் திட்டுங்க."

விருத்தாம்பாள் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை வாயில் பொத்தி அழ ஆரம்பித்தாள். போய் முதல் வேலையாகச் சென்னைக்குப் போன் போட்டாள். மறுநாள் மதியமே மகள் எழில்மதி பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"என்னப்பா ஆச்சு? விருத்தாம்பா அத்தை என்னென்னவோ சொல்றாங்க."

"ஒன்னும் ஆகல. எல்லாரும் என் பேச்ச ஒத்துக்கறாங்க."

"அது நல்லதுதானப்பா?"

"உங்கம்மா ஒரு நாள் ஒத்துகினாளா?"

 எழில்மதி ஒரு நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். "மனசுல இருக்கறதெல்லாம் எழுதுப்பா. பாரம் குறையும்."

குறையவில்லை, கூடியது. படத்தின் குறைகள் இருபத்து மூன்று வந்தன. ஏழாவது ஆள், ஃபோர்மேனின் தண்ணீர், எங்கிருந்தோ முளைத்த கயிறு, அடிபடாமலே கட்டுப்போட்ட கால், முன்பின் சொல்லாமல் ஐந்தாவது ஆள் 'அண்ணி' என்று அழுதது. 'பாத்திரப் படைப்பு: பூஜ்யம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

விசாரிக்க வந்த நெடுமாறன் நோட்டைப் பார்த்தான். நல்ல எண்ணத்தில் அதை மன்றச் செயலாளர் தனகோட்டியிடம் கொண்டுபோனான். தனகோட்டி அவனைவிட நல்ல எண்ணம் உடையவர். இரண்டே நாளில் மன்றப் பலகையில் சாக்பீஸில் எழுதிவிட்டார்: 'சனிக்கிழமை மாலை 6.00. மண்ணுக்குள் ஏழு பேர். படத்துக்கு முன் திரு. பழனிவேல் அவர்களின் திறனாய்வு உரை.' எழில்மதி எங்கெங்கோ கேட்டு, மதுரையில் ஒருவரிடமிருந்து படத்தின் டிஸ்க்கை வரவழைத்தாள்.

இருநூறு பேருக்கு முன்னால் நிற்பதை நினைத்தாலே பழனிவேலுக்கு வியர்த்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். இருநூறு பேரில் ஒருத்தராவது எழுந்து மறுத்துப் பேச மாட்டாரா?

சனிக்கிழமை இருபத்து மூன்று குறைகளையும் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். கடைசியில் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் சொன்னது தப்புன்னு நினைக்கறவங்க தயவுசெஞ்சு எழுந்திரிங்க."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

படம் ஓட ஆரம்பித்தது. இடைவேளைவரை பழனிவேல் சொன்னபடியேதான் ஓடியது. ஆறு பேர் சிக்கினார்கள். ஃபோர்மேன் பல்லைக் கடித்தான். 'இடைவேளை' என்று எழுத்து வந்து போனது.

அடுத்து வந்தது பழனிவேல் பார்க்காத காட்சி.

சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தன் தோண்டிக்கொண்டிருந்தான். தோளில் கயிறு. தோண்டி, ஓட்டை போட்டு, உள்ளே விழுந்தான். அவன்தான் ஏழாவது ஆள். ஃபோர்மேனின் தம்பி. மேலே இருந்து மண் மறுபடி சரிய, கதாநாயகன் பாய்ந்து அந்தத் தம்பியைத் தள்ளிவிட்டான். கல் அவன் காலில் விழுந்தது. ஃபோர்மேன் துரைராசு கதாநாயகனின் காலைக் கட்டிவிட்டு, குனிந்தபடியே அழுதான். ஐந்தாவது ஆளுக்கு அண்ணி எப்படி வந்தாள் என்பதுவரை விளக்கம் இருந்தது.

மன்றத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் பின் வரிசைவரை போனது. இருநூறு தலைகளும் பழனிவேல் பக்கம் திரும்பின. நெடுமாறன் செல்போன் வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இருபத்து மூணுல பத்தொம்போது போச்சுண்ணே."

பழனிவேல் எழுந்து வெளியே வந்துவிட்டார். படிக்கட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மன்றத்தில் முப்பது வருடம் புரொஜெக்டர் ஓட்டிய ஹிதாயத்துல்லா. பழைய படம் என்று கேள்விப்பட்டு மந்தாரக்குப்பத்திலிருந்து வந்திருந்தார்.

"உக்காருங்க சார்" என்றார். "தப்பு எம்மேலதான். இப்ப ஓடிச்சே, அந்த ரீல நான் இங்க ஒரு நாளும் ஓட்டல."

"ஏன் பாய்?"

"படம் பெருசு. முழுசா ஓட்டினா ஒம்போது இருபதாவும். நைட் ஷிப்ட் பஸ் ஒம்போது பத்துக்கு. பாதி ஜனம் கிளைமாக்ஸ் பாக்காம ஓடிச்சுன்னா என்னத்தான் அடிப்பாங்க. ஒரு ரீல எடுத்து வெச்சுட்டேன். மூணு வாட்டியும் அப்படித்தான்."

பழனிவேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே சண்டைச் சத்தமும் இசையும் கேட்டன. 

"அவதான் பாய் கரெக்டு. எப்படியோ வந்திருப்பான், மனசு மாறியிருக்கும், நீங்க பாத்திருக்க மாட்டீங்கன்னு ஒத்தையாளா நின்னு சொன்னா. ஒரே ஒரு வாட்டி, நீ ஜெயிச்சுட்ட அமிர்தம்னு சொல்லியிருப்பேன். தெரியாமலே போய்ட்டா."

ஹிதாயத்துல்லா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்களுக்குத் தெரியும் சார். மொத வாட்டி போட்ட மறுநாளே, எங்க வூட்டுல ஜாக்கெட் தைக்கக் குடுக்க வந்தவங்க ஏழாவது ஆளப் பத்திக் கேட்டாங்க. ரீலு கதைய முழுசா சொன்னேன். கேட்டுட்டு, 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க பாய், கல்யாணமாயி மூணு மாசத்துல நேத்துதான் மனுசன் எங்கூட வாயத் தொறந்து பேசினாரு'ன்னாங்க."

உள்ளே திரையில் ஏழு பேரும் ஒவ்வொருவராக வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். பதினோரு நாள் மண்ணுக்குள் கிடந்தவர்கள். ஒருத்தருக்கும் தாடி வளர்ந்திருக்கவில்லை.