நானூற்றுப் பன்னிரண்டு தடவை அடித்த ஒரே வரி

தச்சநல்லூர் ஐயம்பெருமாள் நெடுஞ்சாலைத் துறையில் ரிட்டயர் ஆன மறுநாளே, கம்ப்யூட்டர் மொழி ஒன்றைக் கற்றே தீருவதென்று சபதம் எடுத்தார். மனைவி கலையரசி பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள். இருந்தால் என்ன? பெண்டாட்டியிடம் கேட்டால் மீசை உதிர்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. அவருடைய முட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், தசராவுக்கு அவர் குரங்கு வேசம் கட்டுவார் என்று குலசை முத்தாரம்மனிடம் கலையரசி நேர்ந்திருந்தாள்.

"நேர்ந்தது நீ, வாலு எனக்கா? என் வாயால நேர்ந்தா அன்னைக்குப் பாப்போம்" என்று இரண்டு தசராவைத் தள்ளிவிட்டார்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை வினை வந்தது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தார். தப்பு. பேக்ஸ்பேஸை அமுக்கினார். எழுத்து அழியவில்லை; தொப்பியோடு ஒரு கேள்விக்குறி வந்து உட்கார்ந்தது: ^?. இன்னொரு அமுக்கு, இன்னொரு தொப்பி. பத்து நிமிஷத்தில் திரை முழுக்க போலீஸ் பரேடு. ஒவ்வொன்றும் "எதுக்குவே அமுக்குனீரு?" என்று கேட்பதுபோல இருந்தது.

ஓர் எழுத்து தப்பினாலும் முழு வரியையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். வியாழனுக்குள் ஒரே வரியை நானூற்றுப் பன்னிரண்டு தடவை அடித்துவிட்டார். கீபோர்டை மாற்றினார். புதுசுக்குத் திருஷ்டியும் கழித்தார்.

"என்னங்க, நான் பாக்கட்டா?"

"நீ பைய அங்கன போயி உளுந்த ஊறப் போடு. இது ஆம்பளச் சிக்கல்."

வெள்ளிக்கிழமை மறுபடி அடித்தார். கடைசி எழுத்தில் விரல் வழுக்கியது. ஐயம்பெருமாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

"தாயே முத்தாரம்மா! இந்தச் சனியன் மட்டும் அழிச்சிட்டா, நானே குரங்கு வேசம் கட்டுதேன்!"

"கொஞ்சம் நகருங்க" என்றாள் கலையரசி. டக்டக்கென்று நாலு தட்டு. பேக்ஸ்பேஸ் எழுத்துகளைக் கடலைமிட்டாய் மாதிரி தின்ன ஆரம்பித்தது.

"ஏட்டி, என்ன பண்ணுன?"

"கம்ப்யூட்டர் தொறந்ததும் படிக்கிற ஃபைல்ல ஒரு வரி கூடுதலா இருந்துச்சு. அழிக்கிறதுக்கு வேற பொத்தானச் சொல்லி வச்சிருந்துச்சு. எடுத்துட்டேன்."

"நான் அப்பிடி எழுதலயே! யாரு எழுதுனா?"

கலையரசி போனை எடுத்து யாருக்கோ "வாங்க" என்றாள். கால்மணி நேரத்தில் தெருமுனை டெய்லர் மதார் வந்தார். பையிலிருந்து சிவப்பு உடுப்பு ஒன்றை எடுத்து உதறினார். வால் தரையில் விழுந்தது.

"இது... எப்பம் தச்சீரு?" என்றார் ஐயம்பெருமாள்.

"ஆடியிலயே தச்சாச்சு அண்ணாச்சி. நீங்க வாயத் தொறக்கட்டும்னுதான் அக்கா காத்திருக்கச் சொன்னாவ."