சங்கக்காவும் எழுபத்திரண்டு மணி நேரமும்

கூச்சத்தைப் பங்கு வைத்துக் கொடுத்த அன்று ஆண்டவர் ஒரே ஒரு ஆளைத் தவறவிட்டுவிட்டார். அந்த ஆள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் மருந்துக் கடை வைத்திருந்தார்.

எல்லோருக்கும் அவர் சங்கக்கா. சொந்தப் பெயர் கடைச் சுவரில் மாட்டியிருந்த பட்டச் சான்றிதழில் இருந்தது. உப்புக் காற்று அதை எப்போதோ தின்றுவிட்டது. மில் சங்கு போலத் தொண்டை, அதனால் சங்கக்கா. நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்து, மருந்தியல் படித்து, அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மாத்திரை கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு கடை போட்டவர். அவரிடம் இருமல் மருந்து வாங்கினால், உங்கள் சளியின் நிறம் அடுத்த தெரு வரை தெரிந்துவிடும். துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் வெறும் ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வந்தார். சீட்டு இல்லாமல் தர மாட்டேன், போய் ஆவி பிடியுங்கள் என்றார் அக்கா. அந்த மனிதர் காரில் ஏறி, நொச்சி இலை எங்கே கிடைக்கும் என்று டிரைவரிடம் விசாரித்தபடியே போனதை நானே பார்த்தேன்.

ஆனால் சில விஷயங்களுக்கு மட்டும் அந்தத் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளுமாம். புது மாப்பிள்ளை ஒருவன் அலமாரியைப் பார்த்தபடி நெளிந்தால் போதும். அக்கா துண்டுக் காகிதத்தில் எழுதிக் கேட்பார், அவன் தலையாட்டுவான், பொட்டலம் கைமாறும், காகிதம் தண்ணீர் வாளிக்குள் போகும். மெதுவாகப் பேச அவருக்கு வராது. அதனால்தான் எழுத்து. இந்தக் காகித விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை காலை அப்படி அலைந்திருக்க மாட்டேன்.

அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். ஆபரேஷன் செய்து பிறந்தவள். அடுத்ததற்கு இரண்டு வருஷமாவது போகட்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் வேலை பார்த்த, துறைமுகச் சரக்குகளுக்குக் காகிதம் முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீசிலும் அடுத்த மாதம் மறுபடி சேர வேண்டும். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பவர். லீவு முடிந்து அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிறு மத்தியானம், ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் விடியும் முன்னே அவர் விமானம் ஏறப் போய்விட்டார். பயத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அவசர கருத்தடை மாத்திரை என்று ஒன்று உண்டு, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பது வரை எனக்குத் தெரியும். சங்கக்காவின் தொண்டைக்குப் பயந்து தூரத்துக் கடைகளாகப் பார்த்துப் போனேன். முதல் கடைக்காரர் என் தாலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதெல்லாம் வைப்பதில்லை என்றார். இரண்டாவது கடையில் யாருக்கு என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றதும் வீட்டில் பெரியவர்களைக் கூட்டி வரச் சொன்னார்கள். எனக்கு அப்போது வயது இருபத்தொன்பது. வீட்டுக்கு வந்து போனில் மருந்து ஆப்பைத் திறந்தேன். மூன்று நாளில் வந்து சேரும் என்றது. அந்த மாத்திரைக்கே மூன்று நாள்தான் கெடு.

வேறு வழியில்லாமல் சங்கக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "இரு" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்கறைக்குள் போயிருக்கிறார்.

"எப்ப?"

"நேத்து மத்தியானம், ரெண்டரை இருக்கும்க்கா."

"இப்ப மணி பத்தரை. இருபது மணி நேரம். பயப்படாத ஏளா, நேரம் கெடக்கு. வலிப்புக்கு, காசநோய்க்கு எதும் மாத்திரை சாப்பிடுதியா? அதுக இதோட வேலையக் கெடுத்துரும்."

இல்லை என்றேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேனே என்று தயங்கினேன். தாராளமாகக் கொடுக்கலாம், நானே கொண்டு வாரேன் என்று போனை வைத்துவிட்டார்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. தலையில் ஹெல்மெட்டும் கையில் மாத்திரைப் பொட்டலமுமாக வாசலுக்கு ஓர் உருவம் நடந்து வந்தது. ஸ்கூட்டரைக் காணோம். உப்பு லாரி ஒன்று தெருமுனையை அடைத்துக்கொண்டு நின்றதாம். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, அறுபதைத் தாண்டிய வயதில், வேகாத வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நினைவில்லை. என் மாமியார் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்தார்.

"என்ன மாத்திரை அது?"

சத்து மாத்திரை என்று அக்கா சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன்.

"அத உங்க மருமவகிட்டக் கேளுங்க. அவ சொன்னா கேட்டுக்கிடுங்க, சொல்லாட்டா விட்டுருங்க. நான் கடைக்காரி, பொய்யும் சொல்ல மாட்டேன், உள்ளதையும் சொல்ல மாட்டேன்."

தெருவே கேட்டது. ஆனால் தெருவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தை வழிவிட்டார். ஒரு மனுஷியால் இப்படியும் பேச முடியுமா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

என்னை அறைக்குள் கூட்டிப்போய், கண் முன்னால் விழுங்க வைத்தார். ஹெல்மெட்டோடே கட்டிலில் உட்கார்ந்து எழுதிக் காட்டினார். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் உடனே கூப்பிட வேண்டும். இது நடந்ததற்குத்தான், இனி நடப்பதற்குக் காவல் இல்லை. மாதவிலக்குத் தேதி ஒரு வாரம் தள்ளினால் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். என்னையும் எழுதிக் காட்டச் சொல்லிச் சரிபார்த்த பிறகுதான் எழுந்தார்.

அவர் போன பிறகு அத்தையிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். ஐந்து பெற்றவர். குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல இவ எங்க போயிருந்தா?"

அந்த மாதம் நாலு நாள் தாமதமாகத் தேதி வந்தது. சங்கக்காவிடம் சொல்லப் போனேன். எதிர்பார்த்ததுதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த ஆளின் இருமலைக் கவனிக்கப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, நாங்களாக விரும்பி, இரண்டாவது பிள்ளை உண்டானது. கப்பலில் இருந்த என் வீட்டுக்காரருக்கு அந்தச் செய்தி சாயங்காலம்தான் போனது. காலையிலேயே முதல் ஆளாகச் சங்கக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.