பெண்ணியல் நூல் தொகுப்பைக் கட்டிக்கொடுத்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகவேண்டும். அந்தப் பல்கலைக்கழகம், பெண்ணியல் நூல் தொகுப்பு ஒன்றை உருவாக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தீர்மானித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். குழுவில் ஒரு பெண் உறுப்பினரும் உண்டு. கூட்டத்துக்குத் தேநீர் ஏற்பாட்டை அவரே கவனித்துக்கொள்ளும்படி பணிக்கப்பட்டதால், அவரால் கூட்டத்தில் கலந்துகொள்ள இயலவில்லை.

அந்த உறுப்பினர்தான் பிரிஜா. உதவி நூலகர், தற்காலிகம். தற்காலிகமாகவே தலையில் நரை விழத் தொடங்கியிருந்தது. தீர்மானம் அவர்களுடையது, அலைச்சல் அவளுடையது. மீன் விற்கும் பெண்கள், முந்திரி ஆலைப் பெண்கள், சொத்துரிமை, சீதனம் என்று தேடித் தேடிப் புத்தகம் சேர்த்தாள். ஒவ்வொரு பார்சல் பிரிக்கும்போதும் அவளுக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம் வந்தது.

சீதனம் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜெனிலா தினமும் வந்து நிற்பாள்.

“மேடம், புக்கு வந்தாச்சா?”

“வந்தாச்சு மக்களே. ஆனா தரமுடியாது.” எங்கள் பக்கம் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாலும் ‘மக்களே’தான்.

விதி அப்படி. தொகுப்பு, வளாகத்தின் மறுகோடியில் கட்டிய பெண்ணியல் மையத்தில் இருக்கவேண்டும். மையத்தின் இயக்குநர் ஏற்றுக்கொள்ளும்வரை ஒரு புத்தகமும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. மார்ச்சுக்குள் ஏற்காவிட்டால் எல்லாம் குடோனுக்குப் போய்விடும். கறையானுக்குப் பெண்ணியல் போதிப்பதில் பிரிஜாவுக்கு விருப்பமில்லை. இயக்குநர் செல்வதாஸுக்குப் போன் செய்தாள்.

செல்வதாஸ் புவியியல் பேராசிரியர். வேறு நாற்காலி காலியில்லாததால் பெண்ணியலில் உட்கார்ந்திருந்தார். “முதல்ல நாங்க ஒருநாள் வந்து பாக்கோம். பாக்காம எப்பிடி சம்மதம் சொல்லுகது?” என்றார்.

நல்ல நாளாகப் பார்த்துச் செல்வதாஸும் மையத்துக்காரர் இருவரும் காரில் வந்தார்கள். தலைமை நூலகர் ததேயுஸ் மூன்று மகள்களைக் கட்டிக்கொடுத்தவர். வந்தவர்கள் மெல்ல நடந்து உள்ளே வருவதைக் கண்டதும் அவர் முதுகு தானாக வளைந்தது. “வாங்க, வாங்க, இருங்க” என்று நேந்திரங்காய் சிப்ஸை முன்னால் நகர்த்தினார்.

செல்வதாஸ் ஒரு புத்தகத்தைச் சுட்டிக்காட்டினார். “கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க.” பார்த்தார். “கலர் கொஞ்சம் மட்டு.”

“குணம் தங்கமாக்கும் சார்” என்றார் ததேயுஸ்.

“உயரம் கூடுதலோ? எங்க தட்டுல நிக்காது” என்றார் இரண்டாமவர்.

“இங்கிலீஷ் தெரியுமா?” என்றார் மூன்றாமவர்.

“பாதிக்கு மேல இங்கிலீஷாக்கும்.”

“முன்ன யாரு கையிலயாவது இருந்திருக்கா?”

“சேச்சே! ஒருத்தரும் தொட்டது கிடையாது.”

“சார், இது புக்கு...” என்று பிரிஜா வாயெடுத்தாள்.

“பெரியவங்க பேசும்போ நீ சும்மா இரி மக்களே” என்றார் ததேயுஸ்.

சிப்ஸ் தீர்ந்தது. செல்வதாஸ் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். “எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நாங்க ஒண்ணும் கேக்கல்ல. உங்க தொகுப்புக்கு நீங்க விருப்பப்பட்டு என்ன குடுத்து அனுப்புவியளோ, அது உங்க இஷ்டம்.”

ததேயுஸுக்கு வியர்த்துவிட்டது. மார்த்தாண்டத்திலிருந்து அஞ்சுகிராமம்வரை இதைவிடச் செலவு பிடிக்கிற வாக்கியம் கிடையாது.

“ஒரு ஸ்டீல் பீரோ குடுப்போம் சார்.”

“கண்ணாடி வச்சதுதானே?”

“புக்குக்கு எதுக்கு சார் கண்ணாடி?” என்று பிரிஜா கேட்டாள்.

“பெண்ணியல் இல்லியாம்மா!” என்றார் செல்வதாஸ், பொறுமையாக. “பெறவு, எங்க மையத்துல புழுக்கம் அதிகம். ஏசியில இருந்து பழகினதெல்லாம் வந்து கஷ்டப்படக்கூடாது பாருங்க. வணிகவியல் தொகுப்பு ஜெராக்ஸ் மெஷினோட போச்சுன்னு கேள்வி. நாங்க அப்பிடியெல்லாம் ஒப்பிட்டுப் பேசல்ல.”

ஒப்பிட்டுப் பேசாததன் விளைவாக நூலகத்தின் வாசிப்பு அறையிலிருந்து ஏசி கழற்றப்பட்டது. புத்தகம் ஏற்றும் பேட்டரி வண்டியும் கூடப் போயிற்று. வரதட்சிணை ஒழிப்பைப் பற்றி மட்டுமே ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் இருந்தன; அவற்றைக் கண்ணாடி பீரோவில் அடுக்கி அனுப்பினார்கள். பேண்டு வாத்தியம் முன்னே போக, பதிவாளர் இதை மகளிர் முன்னேற்றத்தின் மைல்கல் என்று வர்ணித்தார். ததேயுஸ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிஜாவுக்கு எரிச்சலாக இருந்தாலும், இனி பெண்பிள்ளைகள் படிப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

படிக்கவில்லை. பீரோ பூட்டிக் கிடந்தது, சாவி செல்வதாஸ் பையில் கிடந்தது. ஜெனிலா போய்க் கேட்டாள்.

“வந்து ரெண்டு மாசம் ஆகல்ல” என்றார் அவர். “அதுக்குள்ள வெளிய விட்டா நாலு பேரு என்ன பேசுவா?”

வருஷம் முடிந்தது. மையத்தின் ஆய்வுக்குழு கவலையோடு கூடியது. தொகுப்பு வந்து ஓராண்டாகியும் ஓர் ஆய்வுக்கட்டுரைகூடப் பிறக்கவில்லை. குறை தொகுப்பிடம்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கண்டார்கள். ‘இணக்கமின்மை காரணமாகத் தாய் நூலகத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று உத்தரவு வந்தது. பின்னாலேயே ஆட்டோவில் புத்தகங்களும் வந்தன, சாக்கு மூட்டையில். பீரோவும் ஏசியும் வண்டியும் வரவில்லை. கேட்டதற்கு, “அது நீங்க விருப்பப்பட்டுக் குடுத்தது” என்றார் செல்வதாஸ்.

“வாழாம வந்ததாக்கும். ஆளு பாக்காத மூலையில வை மக்களே” என்றார் ததேயுஸ்.

“நடுவுலதான் வைப்பேன்” என்றாள் பிரிஜா. வைக்கத் தட்டு ஏது? வாசிப்பு அறைத் தரையில் கொட்டினாள். தரையில் கிடக்கும் புத்தகத்துக்கு விதி எதுவும் இயற்றப்படவில்லை. பெண்பிள்ளைகள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, வியர்த்து வழிய வழியப் படித்தார்கள். ஜெனிலா சீதனப் புத்தகங்கள் அத்தனையையும் வாசித்துவிட்டு, சுற்றியிருந்தவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்க எடுத்துச் சொன்னாள். பார்க்கப் பார்க்கப் பிரிஜாவுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சில் ஒரு யோசனையும் வந்தது. கத்தாரில் இருக்கும் தம்பி ஜெபிஷுக்கு இவளைக் கேட்டால் என்ன? அவளிடமே கேட்டும்விட்டாள்.

“உங்க வீடா மேடம்?” என்று ஜெனிலா சிரித்தாள். “அப்போ சீதனப் பேச்சே வராது. வாங்க.”

கருங்கல் என்ற ஊரில் ஜெனிலா வீடு. பிரிஜாவும் அம்மா லீலாபாயும் படியேறியபோது, ஜெனிலாவின் அப்பாவுக்கு முதுகு தானாக வளைந்தது. அந்த வளைவை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பிரிஜாவுக்குத் தோன்றியது. அதற்குள் நேந்திரங்காய் சிப்ஸ் வந்துவிட்டது.

ஜெனிலா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள்.

“கொஞ்சம் வெளிச்சத்துல வா மக்களே” என்றார் லீலாபாய். பார்த்தார், திருப்தியானார். “நாங்க ஒண்ணும் கேக்கல்ல. உங்க பிள்ளைக்கு நீங்க விருப்பப்பட்டு...”

பிரிஜாவுக்குச் சுருக்கென்றது. “அம்மா!” என்றாள் சத்தமாக. வீடே திரும்பிப் பார்த்தது. ஜெனிலாவின் முகம் மலர்ந்தது. “ஏசி கீசின்னு ஒண்ணும் வேண்டாம். சொல்லிப்போட்டேன்!”

“ஏட்டி, நான் ஏசின்னு சொல்லவே இல்லியே” என்றார் லீலாபாய்.

“ஜெபிஷ் ரூம்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லா?” என்றாள் பிரிஜா. “அதுக்குப் பதிலா பீரோவ மட்டும் கொஞ்சம் பெருசா பாத்தாப் போரும்.”

ஜெனிலா தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

“மேடம், ஒரு சந்தேகம். ஒரு வருஷத்துல என்னைத் திருப்பி அனுப்பினா, பீரோவோட அனுப்புவியளா, சாக்குலயா?”

எல்லோரும் பிரிஜாவைப் பார்த்தார்கள். பிரிஜா ஒரு கை நிறைய சிப்ஸை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.