விறாந்தையில் நிறைவேறிய குதிரைத் தீர்மானம்

மனித மனத்தின் நிம்மதிக்காகப் பாடுபட்ட இடங்களை உலகம் என்றாவது வரிசைப்படுத்தினால், முதலிடத்தை மருதமுனையில் காலிதீன் காக்காவின், அதாவது காலிதீன் அண்ணனின், வீட்டு முன் விறாந்தைக்கே கொடுக்க வேண்டும். 'பாலர் விளையாட்டு, குடும்ப நிம்மதி அபிவிருத்திச் சங்கம்' ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் ஆண்டு அங்கேதான் உதயமாயிற்று. அதன் கௌரவ காரியதரிசி என்ற முறையில் இந்த உண்மையைப் பணிவோடு அறியத் தருகிறேன்.

கண்டிப்பாகப் பார்த்தால் அந்த விறாந்தை காக்காவுடையதல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை அங்கே நிரந்தர விருந்தாளி. ஆகவே விறாந்தை அவருடைய மனைவி கமீலாவுக்குச் சொந்தம். இத்தகைய அற்ப விஷயங்கள் மகத்தான இயக்கங்களைத் தடுப்பதில்லை.

கல்முனைக்கு வந்த ஒரு டாக்டர் மேடையில் சொன்ன வார்த்தைகளே சங்கத்தின் வித்து. "பின்னேரத்தில் கொஞ்ச நேரம் பிள்ளையோடு விளையாடுங்கள். பிள்ளைக்கும் தாய்க்கும் உங்களுக்கும் மனம் லேசாகும்." சாதாரண மனிதர்கள் இதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் விளையாடியிருப்பார்கள். காக்கா சாதாரண மனிதரல்ல. சங்கம் அமைத்துத் தலைவரானார்.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்தால் கூட்டம். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை கூட்டம். பிள்ளைகளோடு விளையாட வேண்டிய நேரமும் அதுவே என்பதால், அதைப் பற்றிய எங்கள் பேச்சில் நல்ல சூடு இருக்கும். ஆனால் தலைவரின் ஒரே மகள், மூன்று வயது உம்மு, தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி வருவாள். எனவே 'கூட்ட நேரத்தில் பாலர்கள் விறாந்தைக்கு வரலாகாது' என்பதே எங்கள் முதல் தீர்மானமாயிற்று. கமீலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வளவில் இருக்கும் தறிக்கொட்டிலுக்குப் போய்விடுவாள். நாளடைவில் அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம்கூடக் கேட்பதில்லை. 'பூரண நிம்மதி' என்று அறிக்கையில் எழுதினேன்.

அந்த நாட்களில்தான் தகப்பன் பிள்ளைக்குக் குதிரையாகலாமா என்ற பெரும் விவாதம் எழுந்தது.

"துருக்கித் தொப்பி போட்ட மனிசன் எப்படிக் குதிரையாகிற?" என்று அங்கத்தவர் பளீல் கேட்டார்.

"தொப்பியக் கழட்டி வெச்சிட்டு ஆகட்டுமே," என்றார் மற்ற அங்கத்தவர் ஸைனுலாப்தீன்.

"தொப்பி இல்லாத வாப்பாவப் புள்ள மதிக்குமா?"

"நீங்க எப்பயாவது ஆகிப் பாத்தீங்களா?"

"நான் ஆராய்ச்சிப் பகுதி. விளையாட்டு வேற பகுதி."

தொப்பியை ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. அப்போது கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து கமீலாவின் குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க. புள்ள இப்ப சிரிக்கிறதே இல்ல. எனக்கும் தறியில குந்தினா காரணமில்லாம அழுக வருது. ஒரேயொரு பின்னேரம் அவளோட விளையாடுங்க. நாளைக்கும் விளையாடாட்டி உங்கட சங்கத்துக்கு இஞ்ச இடமில்ல."

"அவசரப்படாத, கமீலா. அதப் பத்தித்தானே கதைச்சிட்டு இரிக்கம்," என்றார் தலைவர் கனிவுடன்.

மறுநாள் 'விறாந்தை நெருக்கடி' குறித்து அவசரக் கூட்டம். பள்ளியில் அஸர் தொழுதுவிட்டுத் தலைவரோடு எல்லோருமாகப் போனோம். தலைவரின் நாற்காலியில் ஏற்கனவே ஆள் இருந்தது. உம்முதான். காக்காவின் துருக்கித் தொப்பி அவளுடைய மூக்குவரை இறங்கியிருந்தது. பாயில் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். தறியில் ஓடும் நாடாக்கட்டையால் நாற்காலியின் கையில் தட்டினாள்.

"சத்தம் போடாதீங்க. கூட்டம் நடக்குது. புள்ளயக் கொட்டிலுக்குக் கொண்டு போங்க."

பிறகு தொப்பியை நிமிர்த்தித் தகப்பனைப் பார்த்தாள். "வாப்பா, நீங்கதான் புள்ள. வெளிய போங்க."

காக்கா படியிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று தெரிந்தது. ஒரு தலைவரைப் பற்றிச் சொல்லக்கூடாதுதான், அது வெட்கம். சங்க விதிப்படி கையை உயர்த்தினார்.

"தலைவர் அவர்களே, நான் வெளிய போகல்ல. குதிரையாகட்டுமா?"

உம்மு சிரட்டைகளை ஒருமுறை பார்த்தாள். ஒரு சிரட்டையும் மறுத்துப் பேசவில்லை.

"ஓம்," என்றாள்.

காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சங்கத்தின் முன்னிலையில் நாலு காலில் நின்றார். தொப்பியோடு உம்மு முதுகில் ஏறினாள். தொப்பி சவாரி செய்பவரின் தலையிலும் இருக்கலாம் என்பது உபகுழுவில் எவருக்கும் தோன்றாத வழி. குதிரை கனைத்தது. பிள்ளை சிரித்தாள். திரைக்குப் பின்னால் கமீலாவும் சிரித்தாள். நெடுநாள் அடைத்திருந்த வாய்க்காலைத் திறந்துவிட்டதுபோல் நிற்காமல் சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். பளீலையும் ஸைனுலாப்தீனையும் காணவில்லை. இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தத்தம் வீடுகளுக்கு ஓடியிருந்தார்கள். அங்கத்தவர் போதாமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அதன் பிறகு கூட்டமே கூடவில்லை. அஸருக்குப் பின் தலைவர் குதிரை. ஆராய்ச்சிப் பகுதிப் பளீல் தம் வீட்டில் யானை என்று கேள்வி. ஸைனுலாப்தீனைப் பற்றி விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படியாக, குடும்ப நிம்மதிக்கென்றே பிறந்த ஓர் உன்னத இயக்கத்தைச் சில குடும்பங்கள் சிரித்தே அழித்துவிட்டன.

நான் தளரவில்லை. நிந்தவூரில் வேறு விறாந்தை தேடிக்கொண்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடாக இருப்பது மிக அவசியம். இல்லாவிட்டால், கூட்டம் தொடங்கும்போது நாங்கள் யாரை வெளியே அனுப்புவது?