மாடிப்படியில் ஒரு கொழுக்குமலை

போடி பஜாரில் கயிறு, தார்ப்பாய், டார்ச் லைட் விற்கும் வைகுண்டராஜ், தன் நாற்பத்தாறாவது வயதில், ஒரு மத்தியான வேளையில், குழம்புச் சோற்றில் கையை வைத்தபடியே ஒரு முடிவுக்கு வந்தார். மலையேறிவிடுவது.

சும்மா ஏறி இறங்குவது அல்ல. குரங்கணியில் புறப்பட்டு, சென்ட்ரல் என்கிற மலைக்கிராமம் வழியாக டாப் ஸ்டேஷன், அங்கிருந்து மலைமுகட்டோடு கொழுக்குமலை, திரும்பவும் குரங்கணி. மூன்று பகல் நடை. இடையில் இரண்டு ராத்திரி கூடாரம். எஸ்டேட்காரர்களுக்கு இருபது வருஷமாகக் கூடாரம் விற்றவர், ஒரு நாள்கூட அதற்குள் படுத்ததில்லை. கடை வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மலை. வீட்டு மாடியில் வேட்டி காயப்போட்டால் வேட்டிக்குப் பின்னால் மலை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிற ஒன்றின் மேல் ஒரு தடவைகூட ஏறாமல் செத்துப்போனால் நாமெல்லாம் என்ன மனுசன் என்று நினைத்தபோது, கையிலெடுத்த சோற்றுருண்டையைத் திரும்பத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்திருந்தது. எந்த எஸ்டேட் துரை விட்டுப்போனதோ. அட்டையில் ஒருவன் முதுகில் பெரிய மூட்டையோடு பனிமலை ஏறிக்கொண்டிருந்தான். உள்ளே வைகுண்டராஜுக்குப் புரிந்த வரிகள் மொத்தம் நாலு. அதில் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. மலையேறுகிறவன் தன் சுமையைத் தானே சுமக்க வேண்டும்.

"அன்னம்! தை மாசம் நான் மலைக்குப் போறேன்" என்று அறிவித்தார்.

அவர் மனைவி அன்னத்தாய் அடுப்பங்கரையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அந்த அடுப்பங்கரைக்கு ஜன்னல் கிடையாது. புகை முழுக்க அவள் கண்ணுக்குத்தான் போய்ச் சேரும். மாடியில் ஜன்னல் வைத்து ஒரு அடுப்பங்கரை கட்டிக்கொடுங்கள் என்று எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக அவரும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம சந்துக்குள்ள வண்டி வராது. தெரு முக்குலருந்து செங்கல்லத் தூக்கியாந்து மாடியில ஏத்த எவன் வருவான்? செங்கல்லு மட்டும் மேல வந்து நிக்கட்டும், மறுநாளே கொத்தனாரக் கூப்பிடுறேன்." செங்கல் தானாக நடந்து வராது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"மலைக்கா? கூட யாரு?"

"ராஜமணி வாரான்." ராஜமணி தந்தி ஆபீஸ் கிளார்க். எங்கே போகிறோம் என்று கேட்காமல் என்ன சாப்பாடு என்று கேட்கும் ரகம்.

"கூடாரம், சட்டி, கம்பளி, அரிசி பருப்பு, இம்புட்டையும் யாரு தூக்குறது?"

"நாந்தான். அவனவன் சுமைய அவனவன் தூக்கணும். மலையில அதான் சட்டம்."

"போன வாரம் ஒரு சுருள் கயித்த எடுத்து வச்சதுக்கே நான் மூணு நாளு தைலம் தேச்சேன்."

"அதுக்குத்தான் பழகப் போறேன்!"

"எப்படிப் பழகுவீக?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். அதற்குப் படம் போடாமல் விட்டிருந்தார்கள். அன்னத்தாய் ரசத்தை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நம்ம மாடிப்படி சும்மாதான கெடக்கு? பாரத்தோட அதுல ஏறிப் பழகுங்க."

"நல்ல யோசனை. ஒரு அரிசி மூட்டைய எடுத்து..."

"அரிசி சிந்திப்போகும். மார்க்கையன்கோட்டையில என் தம்பி கர்ணன் சூளையில செங்கல்லு கெடக்கு. தெரு முக்குல ஒரு லோடு தட்டிட்டுப் போகச் சொல்லுறேன்."

"ஒரு லோடா? ஆறு கல்லு போதுமே, அன்னம்."

"ஆறு கல்லுக்கு எவன் லாரி எடுப்பான்?"

அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

"அது சரி, குரங்கணியிலருந்து கொழுக்குமலை எத்தன அடி உசரம்?"

"அது இருக்கும் ஐயாயிரம் அடி."

"நம்ம மாடி பதினாலு அடி." அன்னத்தாய் விரலை மடக்கி விரித்தாள். "முந்நூத்தி அம்பத்தேழு தடவ ஏறுனீகன்னா மலையவே ஏறுன மாதிரி. ரெண்டடி மட்டும் கொறையுது."

"அந்த ரெண்டடிக்கு என்ன செய்ய?"

"நின்ன எடத்துல ஒரு குதி குதிச்சிருங்க."

வைகுண்டராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாக வீட்டுக்குள்ளேயே ஒரு கொழுக்குமலை இருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கார்த்திகை மாசம் முதல் ஏற்றம். கடைத் தார்ப்பாயில் தானே தைத்த பையில் ஆறு செங்கல்லை முதுகில் மாட்டி, தெரு முக்கிலிருந்து சந்து வழியாக நடந்து, மாடிப்படி ஏறி மேலே போய்ச் சேர்ந்தார். மூச்சு வாங்கியது. மூச்சை வாங்கிக்கொண்டு அதே பையோடு இறங்கத் திரும்பினார். அன்னத்தாய் குறுக்கே நின்றாள்.

"அத எதுக்கு எறக்குறீக? பாரத்தோட எறங்குனா முட்டி போயிரும். கல்ல இங்கனயே வச்சுட்டு வெறுங்கையோட எறங்குங்க."

"அடுத்த தடவைக்கு?"

"அதான் முக்குல கெடக்குல்ல. புதுசா எடுத்துக்கங்க."

நம் முட்டி மேல் இவளுக்கு இத்தனை அக்கறையா என்று வைகுண்டராஜ் நெகிழ்ந்துபோனார்.

காலையில் கடை திறக்குமுன் ஐந்து தடவை. சாயங்காலம் நாலு. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அன்னத்தாய் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள். பத்தாம் நாள் "சென்ட்ரல் வந்துட்டீக" என்று மாடியில் கருப்பட்டிக் காப்பியோடு நின்றாள். டாப் ஸ்டேஷனுக்குப் பணியாரம். அதற்கு மேலே போகப் போக நாக்குக்கு ருசியாக ஏதாவது வந்துகொண்டே இருந்தது. கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு கவனிப்பை அவர் கண்டதில்லை.

எதிர்வீட்டுச் சந்தனம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் சந்தில் மறித்தாள்.

"என்னண்ணே, வீட்டு வேலை நடக்குதா?"

"இல்லம்மா. மலை ஏறுறேன். பாதிக்கு மேல வந்துட்டேன்."

சந்தனம்மாள் அவர் முதுகில் இருந்த செங்கல்லைப் பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாடியில் செங்கல்லை அன்னத்தாய் வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தாள். எதற்கு இத்தனை ஒழுங்கு என்று ஒருநாள் கேட்டார். எண்ணுவதற்கு வசதி என்றாள். பொறுப்பான பொம்பளை.

நாற்பதாம் நாள், முந்நூற்று ஐம்பத்தேழாவது ஏற்றம். கடைசி ஆறு செங்கல்லை இறக்கிவைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைகுண்டராஜ் குதித்தார். ரெண்டடி வராது, ஒரு முக்காலடி வந்திருக்கும். குதித்த கால் தரையில் ஊன்றியபோது, மாடியின் மறுமூலையில் ஒரு ஆள் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தான். கொத்தனார் நல்லகண்ணு.

"இவரு இங்கன எதுக்கு?"

"நீங்க கூப்பிடுறேன்னு சொன்ன கொத்தனாரு."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"செங்கல்லு மேல வந்து நிக்கட்டும், மறுநாளே கொத்தனாரக் கூப்பிடுறேன்னு எட்டு வருசமா யாரு சொன்னது? பாருங்க, செங்கல்லு வந்து நிக்குது. நாளைக்கு வரைக்கும் எதுக்குன்னு இன்னைக்கே நானே கூப்பிட்டுட்டேன்."

வைகுண்டராஜ் செங்கல்லைப் பார்த்தார். ரெண்டாயிரத்துச் சொச்சம் செங்கல். அத்தனையும் அவர் முதுகில் வந்தவை. நாற்பது நாளாக ஏறியது எந்த மலை என்று அப்போதுதான் விளங்கியது.

"கெட்டிக்கார ஆளாப் புடிச்சிருக்கீகம்மா. ஒரு கல்லுகூட மூலை ஒடையல" என்றான் நல்லகண்ணு.

அவருக்கு ஆத்திரம் வரத்தான் பார்த்தது. ஆனால் அன்னத்தாய் ஜன்னல் வரப்போகிற இடத்தில் போய் நின்று, இரண்டு கையையும் அகலமாக விரித்துக் கொத்தனாருக்கு அளவு காட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எட்டு வருஷம் புகையில் நிறுத்திவிட்டோமே என்று அவருக்கு உறுத்தியது. வந்த ஆத்திரம் அப்படியே அடங்கிவிட்டது.

கூடவே ஒரு ஆறுதலும் கிடைத்தது. எதற்காகத் தூக்கினால் என்ன, முதுகு இரும்பாகிவிட்டதே.

"எப்படியோ, நான் பழகுனது பழகுனதுதான?" என்றார்.

"பின்ன, வீணாவா போகும்?" என்றாள்.

தை பிறந்தது. ஜீப்பில் குரங்கணி போய் இறங்கினார்கள். கூடாரம், கம்பளி, சட்டி, அரிசி, பருப்பு எல்லாம் வைகுண்டராஜின் பையில். ராஜமணியின் சாமானும் அதே பையில்தான். "நீதான் பழகுனவன், மாப்ளே" என்று சொல்லிவிட்டு, தோளில் ஒரு துண்டும் கையில் முறுக்குப் பொட்டலமுமாக ராஜமணி இறங்கினார்.

வைகுண்டராஜ் பையை ஒரே வீச்சில் முதுகுக்கு ஏற்றினார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே மலை. புத்தக அட்டையில் இருந்தவன் இப்போது தான்தான் என்று அவருக்கு மார்பு விரிந்தது. உலகத்தில் அவரைவிடச் சந்தோசமான ஆள் அந்த நிமிஷத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. பத்து அடி வைத்திருப்பார்.

"அண்ணாச்சி! போடி வைகுண்டராஜ் அண்ணாச்சி நீங்கதான?"

கோவேறு கழுதை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒல்லியான ஒருவன் ஓடி வந்தான். பேர் மொக்கைச்சாமி என்றான். கேட்காமல் கொள்ளாமல் அவர் முதுகிலிருந்த பையைக் கழற்றிக் கழுதை மேல் ஏற்றினான்.

"யோவ், என்னய்யா செய்யுற?"

"மூணு நாளைக்கும் நானும் இதுவும் கூட வாரோம் அண்ணாச்சி. நீங்க கைய வீசிக்கிட்டு நடங்க. உங்க வீட்டம்மா ஏற்பாடு."

"எனக்கு எதுக்குய்யா கழுத? நாப்பது நாளாப் பாரம் தூக்கிப் பழகிட்டு வந்திருக்கேன்! எப்பச் சொன்னாக உங்கிட்ட?"

"அய்ப்பசிக் கடைசியில அண்ணாச்சி. போடிக்கு ஏலக்கா மூட்டை எறக்க வந்தப்பவே சொல்லிட்டாக."

வைகுண்டராஜ் மனசுக்குள் மாசத்தை எண்ணிப் பார்த்தார். அய்ப்பசிக் கடைசியில் முதல் செங்கல்கூட மாடி ஏறியிருக்கவில்லை.

"என்னன்னு சொன்னாக?" அவர் குரல் இறங்கிவிட்டது.

மொக்கைச்சாமி கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே, சூதுவாது இல்லாமல் சொன்னான்.

"வீட்டு வேலைக்கு ஏற்கெனவே ஒண்ணு நிக்குது, மலைக்கு மட்டும் ஒண்ணு வேணும்னாக. அது எப்படி அண்ணாச்சி, நல்லாச் சொமக்குதா?"