மிரியமின் வாப்பா எழுதிய ஏழு தாள்கள்

எனக்கு இங்கிலிஷ் தெரியாது என்று சொல்லிப் பல இடங்களில் தப்பித்திருக்கிறேன். இந்த விஷயத்தில் அந்தச் சாக்கு செல்லாது. அந்தப் பெண் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியும் செய்யவில்லை.

நான் கண்டக்குழி என்ற கடற்கரை ஊரில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவன். (படகில் ஏறமாட்டேன். ஏறினால் வாந்தி.) சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. கரையில் ஒரு படகு வந்து நின்றால் எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள், நான் எழுத்தைப் பார்த்து, "இது நான் எழுதினதில்ல, அதான் கோணலா இரிக்கு" என்பேன்.

என் மனைவி பரீதாவின் தம்பி நஸீர், பட்டம் கட்டிக்கொண்டு அலையில் சறுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் மேனேஜர். காற்றுக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், ஒங்களுக்கு ஒரு வேலை இரிக்கு. இங்கிலாந்துல இருந்து நாலு யூதக் குடும்பம் வந்திரிக்காங்க. அவங்கட பெருநாள் ஒண்டு வருதாம். ஏழு நாளைக்கு ஓலைக் குடில்ல இரிந்துதான் சாப்பிடணுமாம். குடிலச் சுத்தித் தொங்கவிட ஏழு துணியில படமும் பேரும் வேணும்."

"ஆருட பேர்?" என்று குசினியிலிருந்து கேட்டாள் பரீதா.

"நாளுக்கு ஒரு பெரியவர விருந்துக்குக் கூப்பிடுறாங்களாம். இப்றாஹீம், இஸ்ஹாக், யஃகூப், யூசுப், மூஸா, ஹாரூன், தாவூத்."

பரீதா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். செய்தியில் பார்ப்பதெல்லாம் அவள் மனதில் ஓடியிருக்கும். எனக்கும் ஓடியது.

"எல்லாம் நம்மட நபிமார்தானே," என்றாள் கடைசியில். "முகம் மட்டும் வரைஞ்சிராதீங்க."

மறுநாள் விடுதிக்குப் போனேன். அந்தக் கூட்டத்துக்கு மிரியம் என்ற பெண்தான் தலைவி. தன் ஊரில் பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்கிறாளாம். அவள் சொல்லச் சொல்ல நஸீர் தமிழாக்கினான்: "புத்தகத்த மட்டும் வெச்சிப் படிச்சிக்குடுத்தா பிள்ளைகள் தூங்கிடுதாம். படமும் பாட்டும் சேர்ந்தா அந்தப் பெரியவங்க பக்கத்துல வந்து இரிக்கிற மாதிரி இரிக்குமாம். முகம் அவங்களுக்கும் வேணாமாம்." எனக்குப் பிடித்துப்போனது. கூடாரம், கிணறு, ஏணி, கைத்தடி, யாழ் என்று என்னென்ன வரையலாம் என அங்கேயே பேசி முடித்தோம்.

பிறகு அவள் ஒரு கோப்பைத் திறந்து ஏழு தாள்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்தில் ஹீப்ரு எழுத்தில் ஒரு பெயர். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய வாப்பா பட்டைப் பேனாவால் எழுதிக்கொடுத்தவை. வருஷா வருஷம் அவர்கள் குடிலில் தொங்கியவை. வாப்பா போன வருஷம் மவுத்தாகிவிட்டார். அவருடைய எழுத்து அப்படியே துணியில் வரவேண்டும்.

"கொப்பி எடுத்திட்டு இதத் திருப்பித் தரட்டாம்," என்றான் நஸீர். அவளும் என்னைப் பார்த்து, "போட்டோகொப்பி, ப்ளீஸ்," என்றாள், இரண்டு தரம்.

"ஓம் மெடம், ஓம்," என்றேன், இரண்டு தரம்.

போட்டோகொப்பி எடுக்கக் கற்பிட்டி டவுனுக்குப் போகவேண்டும். வெயில். சைக்கிளில் காற்றும் குறைவு. (இரண்டு டயரிலும் காற்று நிறைய இருந்தது. மனிதனில்தான் இல்லை.) எழுத்துக்காரனுக்குக் கொப்பி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் பெரிய எழுத்தைப் பதிக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. தாளில் எழுத்தின் ஓரம் நெடுக ஊசியால் துளை போடுவோம். தாளைப் பலகையில் வைத்துக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால், துளை வழியே தூள் இறங்கிப் பலகையில் புள்ளிப் புள்ளியாக எழுத்து நிற்கும். ஏழு தாள்களையும் அப்படியே துளைத்தேன். அதோடு விட்டேனா? அவளுடைய வாப்பாவின் மையில் கரி படக்கூடாதே என்ற கரிசனையில், மை இருக்கிற பக்கத்தைத் துணியில் கவிழ்த்துப் போட்டு, தாளின் முதுகில் தட்டினேன். புத்திசாலித்தனம் என்று பரீதாவிடம் பெருமையும் அடித்தேன். வலமிருந்து இடம் போகிற எழுத்து, ஓதத் தெரிந்த எனக்குத் தெரியாததா என்ன?

பெருநாள் தொடங்குகிற அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஏழு துணிகளையும் குடிலில் கட்டினோம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி முதல் துணிக்குக் கிட்டப் போய், தலையை இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்து, கலகலவென்று சிரித்தாள்.

நஸீரின் முகம் மாறியது. "மச்சான், எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கிற மாதிரித் திரும்பி இரிக்காம்."

"இப்பவே மாத்தி எழுதித் தாறன்!"

"பொழுது பட்டா பெருநாள் தொடங்கிருமாம். பொறகு எழுதுற வேலை கூடாதாம். எங்க மச்சான் நேரம்?"

வழி கண்டுபிடித்தது மிரியம்தான். மெல்லிய துணி, பெயின்ட் மறுபக்கம் ஊறியிருந்தது. ஏழையும் அவிழ்த்து உள்வெளியாகத் திருப்பிக் கட்டச் சொன்னாள். உள்ளே மங்கலாக, ஆனால் சரியாக, பெயர்கள் தெரிந்தன. நான் மூன்று நாள் கண் வலிக்கத் தீட்டிய பளிச்சென்ற பக்கம் வெளியே பார்த்தது. வெளியே ரசிப்பதற்கு நாலைந்து கழுதைகள் நின்றன. அவை திரும்பியும் பார்க்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பித்தேன் என்று நினைத்த நேரத்தில் மிரியம் தாள்களைக் கேட்டாள்.

கொடுத்தேன். முதல் தாளை எடுத்தாள். அஸர் வெயில் துளைகளுக்குள்ளால் வந்து அவள் கழுத்திலும் சட்டையிலும் புள்ளிகளாக விழுந்தது. மையின் ஓரமெல்லாம் பொரிந்துபோயிருந்தது. எவ்வளவு கரிசனையாகத் தட்டியும் கரி உள்ளே இறங்கி, எழுத்தின் மேல் சாம்பல் பூத்திருந்தது. அடுத்த தாளை எடுத்தாள். ஏழையும் பார்த்தாள்.

"கொப்பி எடுக்கச் சொன்னாவே மச்சான்," என்றான் நஸீர் மெதுவாக.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தாள்களை அடுக்கிக் கோப்புக்குள் வைத்துவிட்டு, என்னை இருந்து சாப்பிடச் சொன்னாள். இன்றைக்கு இப்றாஹீம் நபியின் நாள், வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்பக்கூடாதாம். நான் மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். உண்மையில் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. மன்னிப்பும் கேட்கவில்லை. பின்னால் பிள்ளைகள் பாடத் தொடங்கியது கேட்டது. நல்ல பாட்டு. நான் வேகமாக மிதித்தேன்.

இரண்டு மாதம் கழித்து நஸீரின் போனுக்கு ஒரு படம் வந்தது. மிரியமின் வகுப்பில் பிள்ளைகள் அந்தத் தாள்களைத் துணியில் வைத்துக் கரித்தூள் தட்டுகிறார்கள். மூக்கெல்லாம் கரி. எல்லோரும் தங்கள் கையாலேயே அந்தப் பெயர்களை எழுதிக்கொள்கிறார்களாம், இனி வருஷா வருஷம் அப்படித்தானாம். "பாத்தீங்களா, நல்லதாப் போச்சி," என்றான் நஸீர். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளில் மை எங்கே, கரி எங்கே என்று பிரிக்க முடியவில்லை. பதிலுக்கு நான் சொல்லச் சொல்ல நஸீர் மூன்று தரம் டைப் பண்ணினான். மூன்று தரமும் அழிக்கச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இது பகிடியாகிவிட்டது. மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட் வந்தாலும், கரண்ட் பில் வந்தாலும், "ஊசிய எடுத்து ஒளிச்சி வைங்க," என்பாள் பரீதா. போன வருஷம் மகளின் நிக்காஹில் மௌலவி கையெழுத்துக்காகப் புத்தகத்தை என் பக்கம் தள்ளியபோது, சபை முழுக்கக் கேட்கும்படி நஸீர் சொன்னான்: "ஹஸ்ரத், முதல்ல மச்சான்ட சட்டைப் பையத் தடவிப் பாருங்க!"

சபை சிரித்தது. கதை தெரியாத சம்பந்திக்கும் யாரோ சொல்ல, அவரும் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தபடியே குனிந்தேன். எனக்கு முன்னால் சம்பந்தி போட்ட கையெழுத்தில் மை இன்னும் காயவில்லை. அதில் என் விரல் பட்டுவிடாமல், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பெயரை எழுதினேன்.